மாத்திரை மலிவு, கிடைப்பதுதான் பெரும்பாடு

உலகத்தில் 140 கோடிப் பேருக்கு பிபி, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. பிபிக்குத் தரும் அம்லோடிபின் எல்லாம் காப்புரிமை முடிந்து எத்தனையோ வருஷம் ஆன மலிவு மாத்திரை. அதுவே ஏழை நாடுகளின் மருந்துக்கடைகளில் பல நேரம் இருப்பதில்லை! தென்கொரியாவில் எல்லோருக்கும் காப்பீடு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இலவசப் பரிசோதனை, அங்கே பாதிக்கு மேல் கட்டுக்குள் இருக்கிறது. பிபி என்றால் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனால் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றால் யார்தான் திரும்பப் போவார்கள்? நம்மூரில் 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்குப் பிடித்ததே இதனால்தான், தன்னார்வலர் அக்கா வாசலிலேயே பிபி பார்த்து மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.