எத்தனாலோடு சேர்ந்துகொண்ட தண்ணீர்

ஐப்பசி மழை விடிய விடியக் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, தருமபுரியில் 28 லிட்டர் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஏறிய சிறிது நேரத்திலேயே கார் குலுங்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வேகம் எழவில்லை. காரிமங்கலத்துக்கு முன்பாகவே செக் இன்ஜின் விளக்கு மினுக்க, வண்டி நின்றுவிட்டது. நான்கைந்து முறை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். அது தவறு. நிரப்பிய பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். நான் திருப்பிய ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை ஏறியிருக்கிறது.

கட்டியிழுத்துப் போய்ச் சேர்த்த பட்டறையில், "இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்றுதான் மெக்கானிக் முதலில் சொன்னார். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தார். கலங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்து, நடுவே கோடு கிழித்தாற்போல் இரண்டு அடுக்காகப் பிரிந்தது. கீழடுக்கு நான்கு விரற்கடை உயரம் இருந்தது.

பாலக்கோட்டிலிருந்து தொலைபேசியில் பேசிய மைத்துனர், அடியில் நிற்கும் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு மேலே இருப்பதை ஓட்டலாம் என்றார். டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வெளியேற்றிப் பழகிய டிராக்டர்காரர் அவர். அங்கே அது சரி. இப்போது நமக்குக் கிடைக்கும் பெட்ரோலிலோ 20 சதவீதம் வரை எத்தனால் என்ற ஆல்கஹால் இருக்கிறது. கொஞ்சம் ஈரத்தை எத்தனால் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பாட்டிலில் நான் பார்த்த கீழடுக்கு வெறும் தண்ணீரன்று. ஆக்டேனை, அதாவது பெட்ரோல் தானாக வெடித்து எரியாமல் தாங்கும் தன்மையை, உயர்த்தித் தந்த எத்தனாலை இழந்த மேலடுக்கும் நாம் பணம் கொடுத்து வாங்கிய பெட்ரோலன்று. அதை ஊற்றி ஓட்டினால் இன்ஜின் தட்டக்கூடும். ஆகவே மனம் வலித்தாலும் முழுவதையும் வெளியேற்றச் சொன்னேன்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளி, பின்சீட்டைத் தூக்கி, அதன் கீழிருந்த மூடி வழியாகப் பம்பை வெளியே எடுத்தார்கள். டேங்கின் அடியை நூல் பிரியாத துணியால் துடைத்தார்கள். பில்டரை மாற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காயவைத்தார்கள். வேறிடத்தில் வாங்கிய 5 லிட்டரை ஊற்றி, குழாயில் தேங்கியிருந்ததை ஒரு தகர டப்பாவில் வடியவிட்ட பிறகே இன்ஜெக்டர் பக்கம் இணைத்தார்கள். இரண்டு நிமிடம் திக்கித் திணறிய இன்ஜின் பிறகு சீரானது. வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டவிடாமல் மூடிய கேனில் வைக்கச் சொன்னேன்.

மாலையில் ரசீதும் பாட்டிலுமாக பெட்ரோல் நிரப்பிய அந்தப் பங்க்குக்குப் போனேன். மேலாளர் முதலில் என் டேங்க் மூடியைத்தான் குறை சொன்னார். அளவுகோலில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி நிலத்தடித் தொட்டிக்குள் விடும்படி கேட்டு நின்றேன். வெளியே வந்த கோலின் நுனியில் பசை நிறம் மாறியிருந்தது. பெட்ரோல் பணத்தைத் திருப்பித் தந்தார். பட்டறைக் கூலியைப் பற்றி மேலிடத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன்.