ஜெர்க் போர்க்கும் அம்மாவோட கற்பூரவல்லியும்

போன மாசம் வீட்டு கிச்சன்லயே ஜெர்க் போர்க், அதான் ஜமைக்கா ஸ்டைல்ல காரமா மசாலா பூசி வாட்டற பன்னிக்கறி, ட்ரை பண்ணேன், சிங்கப்பூர்ல ஹெச்டிபி அடுக்குமாடி வீட்டுல இருக்கறவங்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும்னு நான் சொல்லணுமா என்ன. அடுப்புல கிரில் பேன், ஹாபனேரோ மிளகா அரைச்சுப் பூசின போர்க், ரெண்டே நிமிஷம், நெடி கெளம்புச்சு பாருங்க, நான் இரும, ஹால்ல அம்மா இரும, காரிடார்ல யாரோ தும்ம, கதவத் தொறந்தா பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி மூக்கப் பொத்திட்டு நிக்கறாங்க. சாரி சொல்லிட்டு உள்ள வந்தா கறி வெளிய கருகிப் போச்சு, நடுவுல பச்சையா இருக்கு. மசாலால பிரவுன் சுகர் இருக்குல்ல, நேரா சூடு பட்டா அது மொதல்ல கருகிடும். இதுகூட தெரியாம எறங்கிட்டேன்.

வேடிக்கை என்னன்னா, இந்த சமையலே புகைய மறைக்கறதுக்காக வந்ததுன்னுதான் சொல்லுவாங்க. 1655ல ஸ்பானியர்கள்கிட்ட இருந்து ஜமைக்காவ பிரிட்டிஷ்காரன் புடிச்சப்ப, அடிமைகளா இருந்த ஆப்பிரிக்கர்கள் நெறைய பேர் மலைக்கு ஓடிட்டாங்க, மரூன்கள்னு பேரு. காட்டுப்பன்னிய வேட்டையாடி, மசாலா தடவி, குழி தோண்டி மூடி வெச்சு வேக வெப்பாங்களாம், புகை மேல போனா சிப்பாய் வந்துருவான்ல. 1739ல பிரிட்டிஷ்காரனே எறங்கி வந்து அவங்ககூட ஒப்பந்தம் போட வேண்டியதாச்சு. நான் ஒரு ஆன்ட்டிகிட்டயே மாட்டிக்கிட்டேன். ஜெர்க்ங்கற பேருகூட தென் அமெரிக்கா கெச்சுவா மொழில உப்புக்கண்டத்துக்கு சொல்ற சொல்லுலேர்ந்து வந்ததுதான்.

இதுல உயிரே ஆல்ஸ்பைஸ்தான். பெரிய மிளகு மாதிரி இருக்கும், மோந்து பாத்தா கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் மூணும் சேந்த வாசன. நம்ம பக்கத்து மிளகத் தேடிப் போன ஸ்பானியர்கள் இதப் பாத்துட்டு மிளகுன்னே பேரு வெச்சுட்டாங்க, ஜமைக்காவுல இன்னிக்கும் பிமென்டோன்னுதான் சொல்றாங்க. அங்க போர்ட்லண்ட் பக்கம் பாஸ்டன் பே இருக்கு, ஜெர்க்குக்குப் பேர் போன எடம், அந்த பிமென்டோ மரக்கட்டை மேலயே கறிய வெச்சு வாட்டுவாங்க. அந்தக் கட்டைக்கு நான் எங்க போறது? ரெண்டாவது தடவ வெளிய பார்க்ல சுட்டப்ப, ஒரு கைப்பிடி ஆல்ஸ்பைஸ தண்ணில ஊற வெச்சு நெருப்புல போட்டேன், ஓரளவு அந்த வாசன வந்துச்சு.

அடுத்து தைம்ங்கற வாசன எலை. சூப்பர்மார்க்கெட்ல குட்டி பாக்கெட்ட அந்த வெலைக்கு வாங்க மனசு வரல. அப்பதான் காரிடார்ல அம்மா தொட்டில வெச்சிருக்கற கற்பூரவல்லி கண்ணுல பட்டுச்சு. சளிக்குக் கஷாயம் வெக்கறது. இதே எலைய கரீபியன் தீவுகள் சிலதுல அகல எலை தைம்னு சொல்லி சமையல்ல போடறாங்க, வாசனைக்குக் காரணமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பத்து பதினஞ்சு எலை பறிச்சேன், அம்மா தூங்கிட்டு இருந்தாங்க.

தேக்கா மார்க்கெட்ல ஒன்றரை கிலோ தோள்பட்டை கறி, கொழுப்போட கேட்டு வாங்கினேன். அரைச்சது: ஆல்ஸ்பைஸ் ரெண்டு டேபிள்ஸ்பூன், ஹாபனேரோ நாலு, ஒரு கட்டு வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, பிரவுன் சுகர், சோயா சாஸ், ரெண்டு எலுமிச்சை, உப்பு, கற்பூரவல்லி. அங்க போடறது ஸ்காட்ச் பானெட் மிளகா, ஹாபனேரோ அதோட தம்பி மாதிரி. இங்க கெடைக்கற குட்டி மிளகா சில்லி பாடி போட்டாலும் ஒறைக்கும், ஆனா அந்தப் பழ வாசன வராது. கறி படறதுக்கு முன்னாடியே கொஞ்சம் மசாலாவ தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தப் பூசி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெச்சேன்.

மச்சான் கடற்கரையோரம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ஒரு பிபிகியூ பிட், அதான் கறி சுடற அடுப்பு, புக் பண்ணிருந்தாரு. அவங்க குரூப்ல பன்னி சாப்பிடாத மலாய் நண்பர்களும் உண்டு, அதனால அவங்களுக்கு பக்கத்து பிட், தனி வலை, தனி கிடுக்கி, அதெல்லாம் மொதல்லயே பேசிடணும். பிட்டுக்கு மூடி கெடையாது. அடுப்புக்கரிய ஒரு ஓரமா தள்ளி, கறிய இந்தப் பக்கம் வெச்சு, பெரிய அலுமினிய ட்ரேய கவுத்துப் போட்டு மூடினேன், ஓரத்துல புகை நூல் மாதிரி கசிஞ்சுட்டே இருந்துச்சு. கடல் காத்து வேற, ட்ரே ரெண்டு தடவ பறந்துச்சு, மேல கல்லு வெச்சேன். போர்க் உள்ள 63 டிகிரி வந்தாலே சாப்பிடலாம், ஆனா தோள்பட்டை அப்ப ரப்பர் மாதிரி இருக்கும், 90 தாண்டினாதான் நார் நாரா பிரியும். மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மச்சான் அதுக்குள்ள சிக்கன் விங்ஸ், பீஹூன் (அரிசி சேமியா) எல்லாம் முடிச்சுட்டு "இன்னுமா மச்சான்"னு நாலு தடவ கேட்டுட்டாரு.

வெட்டினப்ப மேல கறுப்பா மொறுமொறுன்னு, உள்ள ஜூஸ் சொட்டுது. யாரும் ஒரு பத்து நிமிஷம் பேசல.

அம்மா பன்னி தொட மாட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் தொட்டியப் பாத்துட்டு, "சளிக்கு வெச்சிருந்த எலைய பன்னிக்காடா போட்ட?"ன்னு ஒரு சத்தம். மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தப்ப, எடுத்து வெச்சிருந்த மசாலா டப்பா காலி, அடுப்புல கோழி. மிளகா கொஞ்சம் கம்மியாம்.