எழுதித் தரட்டுங்களா டீச்சர்?

அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது இது ஒன்றைத்தான். நான் சொன்ன பதில்: “இன்னைக்கு எல்லாருக்கும் வாய்மொழிதான் சாமி. வாயைத் திறந்து சொல்லு.”

இந்த இரண்டு வரியை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தவறாக எதுவும் சொல்லவில்லை என்றுதான் சில நாள் தோன்றுகிறது.

ஏழாம் வகுப்பு, நேர் விகிதமும் எதிர் விகிதமும். முந்தைய வாரச் சிறுதேர்வில் இப்படி ஒரு கணக்கு: 6 பேர் 4 நாளில் பறிக்கும் காப்பிப் பழத்தை 3 பேர் எத்தனை நாளில் பறிப்பார்கள்? கடைசி பெஞ்சுப் பையன் 2 என்று எழுதியிருந்தான். பறிப்பு நாட்களில் தோட்டத்தில் அம்மாவுடைய எடைக் கணக்கை மனதிலேயே வைத்துக்கொள்கிற பையன் அவன். கூப்பிட்டு அதே கணக்கை வாயால் கேட்டேன். “ஆள் பாதின்னா நாள் ரெட்டிப்புங்க டீச்சர். எட்டு.” யோசிக்கக்கூட இல்லை. அவனுக்குக் கணக்கு வருகிறது, தாளில் இருக்கும் வாக்கியத்தைப் படிக்கத்தான் வரவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த மதிப்பீட்டை வகுப்பு முழுவதற்கும் வாய்மொழியாக மாற்றினேன். அவனுக்கு மட்டும் வாயால் கேட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் என்று நினைத்தேன். ஐந்து கேள்வி, எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அவன் ஐந்தும் சொன்னான். முதல் பெஞ்சில் இருக்கும் அந்தப் பிள்ளை, எந்தச் சிறுதேர்விலும் ஒரு மதிப்பெண் விடாதவள், எழுந்து நின்றாள். முந்தானையைத் திருகும் பெரிய பெண்ணைப் போலத் தாவணி இல்லாத சீருடை ஓரத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காத குரலில். அப்புறம்தான் எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். பத்துக்கு 3 போட்டேன்.

மதிப்பெண் கணக்கில் அவளுக்கு நஷ்டம் இல்லை. வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை 2012-13இல் வந்ததிலிருந்து, பருவம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60. நடத்தும் மதிப்பீடுகளில் சிறந்தவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறோம், அதனால் அந்த 3 தானாகவே கழிந்துபோனது. இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வகுப்பே பார்க்க அவள் நின்ற அந்த நிமிடங்களை எந்தப் பதிவேடு கழிக்கும்?

பிள்ளைகள் பேசப் பழக வேண்டாமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். மலையை விட்டுச் சேலத்துக்கு இறங்கி ஒரு கல்லூரியில் சேரும்போது பேசத்தானே வேண்டும்? உண்மைதான். ஆனால் அன்று நான் சோதிக்க வந்தது விகிதம். பேச்சைச் சோதிப்பதாக யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு விழுந்த 3 அவளுடைய குரலுக்கு விழுந்தது. பையன் எழுதிய 2 என்ற தவறான விடை எப்படி அவனுடைய வாசிப்பால் வந்ததோ, அப்படியே. அவனிடம் இருந்த தடையைக் கண்டுபிடித்த நானே அவளுக்கு இன்னொரு தடையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அப்படியானால் யாருக்கு எது வருகிறதோ அதிலேயே கேட்டுவிடலாமா? இந்த வருடம் அதைத்தான் செய்கிறேன். தாளா, வாயா என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அவள் இப்போது என் வகுப்பில் இல்லை. ஆனால் அந்தப் பையனைப் போன்ற பிள்ளைகள் தாளைத் தொடுவதே இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்குக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான், தேற 35 வேண்டும். அங்கே யார் வந்து வாயால் கேட்கப்போகிறார்கள்? அவனுக்கு நான் செய்தது உதவிதானா என்பதிலும் எனக்கு இப்போது உறுதி இல்லை. வாசிக்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மதிப்பீட்டு முறையை மாற்றுவது அதைவிட எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்த வாய்மொழித் தேர்வுக்கு மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்னால், அந்தப் பிள்ளை நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை என் மேசையில் வைத்தாள். ஐந்து கேள்விக்கும் விடை, படிப்படியாக. 6 × 4 = 24, 24 ÷ 3 = 8. எல்லாம் சரி. “சரி, வெச்சுட்டுப் போ” என்றேன். அதற்கு மதிப்பெண் போடவில்லை.