சிம்னிய பாத்துட்டே நின்னா விஓசி மாட்டாது

ஏர் மானிட்டரிங்க்கு வந்திருக்கோம்னு சொன்னா போதும், எந்த கம்பெனி செக்யூரிட்டியும் நேரா சிம்னி பக்கம்தான் கை காட்டுவாரு, "ஏணி அந்தப் பக்கம் இருக்கு சார்". சென்னையில ஒரு தனியார் லேப்ல ஃபீல்டு சாம்ப்ளிங் ஆளா மணலி, அம்பத்தூர்னு பல வருஷம் சுத்துனவன் நான். தூசி, சல்ஃபர் டை ஆக்சைடுக்கெல்லாம் சிம்னி சரி. ஆனா விஓசி, அதாவது சாதாரண சூட்டுலயே ஆவியா போயிடுற பென்சீன், டொலுவீன், எத்தில் அசிடேட் வகையறா, நெறைய எடத்துல சிம்னி பக்கமே போறதில்ல. மூடாத ட்ரம், தேஞ்ச கேஸ்கெட், டேங்க் மூடி, இப்படித்தான் வெளிய வரும். புகை தெரியாததால யாரும் சண்டைக்கும் வர்றதில்ல.

ரிஃபைனரின்னா வால்வு, ஃபிளாஞ்ச், பம்ப் சீல்னு ஆயிரக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணுகிட்டயும் பிஐடி மீட்டர, அதாவது காத்துல விஓசி எவ்ளோ இருக்குன்னு காட்டுற கைக்கருவிய, நீட்டிக்கிட்டே வெயில்ல நடக்கணும். செம போர். பெரும்பாலான ஜாயின்ட்ல ஒண்ணுமே காட்டாது, எங்கயோ சிலதுல மட்டும் நம்பர் எகிறும், மொத்த கசிவுல பெரும்பங்கு அந்த சிலதுலேர்ந்துதான். அந்த மீட்டரும் எல்லாத்தையும் சேத்து ஒரே நம்பரா காட்டும், எது பென்சீன்னு சொல்லாது. அது வேணும்னா சார்கோல் ட்யூப்ல பம்ப் வச்சு காத்த இழுத்து, லேப்ல கார்பன் டைசல்ஃபைடு ஊத்தி பிரிச்சு, எது எவ்ளோன்னு தனித்தனியா காட்டுற ஜிசி மெஷின்ல போட்டு பாக்கணும்.

மூக்க நம்பி மட்டும் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு துளி இருந்தாலே நாறும், ஊரே போன் பண்ணும். பென்சீன் அப்படி இல்ல, 2009ல வந்த நம்ம தேசிய தரத்துல வருஷ சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான், வாசனை தெரியறதுக்குள்ள அதவிட பல நூறு மடங்கு தாண்டியிருக்கும், அதுவும் கேன்சர் வரவைக்கும்னு உறுதியான பொருள். பெட்ரோல்லயே இருக்கு. வண்டி டேங்க்ல 3 லிட்டர் பெட்ரோல் உள்ள போச்சுன்னா உள்ள இருந்த 3 லிட்டர் ஆவி வெளிய வந்துதானே ஆகணும், அத திரும்ப உறிஞ்சுற நாசில் இல்லாத பங்க்ல அது நேரா பெட்ரோல் போடுற பையன் மூஞ்சிக்குத்தான் போகுது.

இதுல மரமும் சேத்தி. உலகம் பூரா கணக்கு போட்டா மனுஷன் விடுறத விட மரம் செடி விடுற ஐசோப்ரீன், டெர்பீன்தான் அதிகம். ஒரு மேனேஜர்கிட்ட தெரியாத்தனமா இத சொல்லிட்டேன், "அப்ப எங்க காம்பவுண்டு மரம்தான் காரணம்னு ரிப்போர்ட்ல போடுங்க"ன்னாரு! விஓசியால தரைகிட்ட மூச்சுக்கு ஆகாத ஓசோனும் உருவாகும், ஆனா விஓசி மட்டும் இருந்தா அது பெருசா ஏறாது, வண்டி, பாய்லர் விடுற நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலும் கூட சேரணும். லாஸ் ஏஞ்சல்ஸ் புகைமூட்டத்துக்கு இதான் காரணம்னு ஹாகன்-ஸ்மிட்ங்கற வேதியியல் விஞ்ஞானி 1950கள்லயே காட்டிட்டாரு. வெயிலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்.

எனக்கு ரொம்ப புடிச்ச சாம்ப்ளிங் கருவி பர்ச்சேஸ் ரிஜிஸ்டர்தான், சத்தியமா. பாலித்தீன் கவர் அச்சடிக்கிற பிரஸ், ஃபர்னிச்சர் பாலிஷ் கடை, இங்கெல்லாம் வாங்குற தின்னர் பொருள்ல ஒட்டி நிக்கிறதுக்கு இல்ல, காஞ்சு பறக்குறதுக்குத்தான். மாசம் 200 லிட்டர் ட்ரம் ரெண்டு வாங்குறாங்க, கழிவா எதுவும் போகல, புடிச்சு வைக்க கருவியும் இல்லன்னா, கிட்டத்தட்ட அந்த 400 லிட்டரும் காத்துலதான். ஒரு பிரஸ் ஓனர்கிட்ட பிபிஎம் கணக்க, அதாவது காத்துல பத்து லட்சத்துல எத்தன பங்குன்னு, காட்டுனேன், தலைய ஆட்டிட்டு டீ சொன்னாரு. "அண்ணே, அந்த மூடாத ட்ரம்லயும் துணி நனைக்கிற தட்டுலயும் அச்சுக்கே போகாம சும்மா பறக்குதே, அதுக்கும் நீங்கதான் பில்லு கட்றீங்க"ன்னதும் டீய வச்சிட்டு எந்திரிச்சு சூப்பர்வைசர கூப்பிட்டாரு. அடுத்த தடவ போனப்ப ட்ரம்முக்கு மூடி இருந்துச்சு, தட்டுக்கு பதிலா அமுக்குனா மட்டும் சொட்டுற கேன். சிம்னிக்கு புது பெயின்ட் வேற அடிச்சிருந்தாங்க, அதுவும் தின்னர் கலந்ததுதான்.