தரங்கம்பாடியில் சீகன்பால்கின் விசுவாசத்தைத் தேடி ஒரு நடை

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டேனிஷ் கோட்டையைப் படம் எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கடற்காற்று வாங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற லுத்தரன் போதகர் கடவுளைப் பற்றி என்ன நம்பினார் என்பதை இந்தச் சின்ன ஊரில் நடந்தே புரிந்துகொள்ளலாம். அதற்கு அரை நாள் வேண்டும்.

மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கி.மீ., காரைக்காலிலிருந்து சுமார் 15 கி.மீ. இரண்டு ஊர்களிலிருந்தும் பேருந்து உண்டு. தரங்கம்பாடிக்கு இருந்த ரயில் பாதை 1986-லேயே மூடப்பட்டுவிட்டது. கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று வந்து ஏமாந்து போகிறவர்கள் நிறைய. ஞாயிறு காலைதான் நல்லது, தமிழ் ஆராதனையையும் பார்க்கலாம். ஆராதனை நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

1792-ல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. எங்கும் நிற்காமல் முதலில் கடற்கரைக்குப் போய்விடுவது என் யோசனை. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் அவருடைய சக போதகர் புளூட்சோவும் வந்து இறங்கியதன் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. அப்போது இந்த ஊர் டென்மார்க்கின் கையில் இருந்தது; இருவரையும் அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். ஆனால் சீகன்பால்கின் விசுவாசம் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் உருவானது. பிறந்தபோதே கிறிஸ்தவன் என்று எழுதிவைப்பதில் பயனில்லை, ஒவ்வொருவரும் உள்ளுக்குள் மனந்திரும்ப வேண்டும், வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது ஹாலே பக்தி இயக்கத்தின் அடிப்படை. அவர் இங்கே செய்தவை எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன. தானே வாசிக்க வேண்டுமென்றால் வேதம் தமிழில் இருக்க வேண்டும். அதற்காகத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1711-ல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார். 1714–15-ல் அது இங்கேயே அச்சானது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள்.

அடுத்து கோட்டை. 1708 நவம்பரில் இதே கோட்டையில் அவரைச் சிறைவைத்தார்கள். ஒரு விதவையின் கடன் வழக்கில் அவர் தலையிட்டது டேனிஷ் தளபதிக்குப் பிடிக்கவில்லை. நான்கு மாதம் உள்ளே இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று கடவுளுக்குப் பிரியமான கிறிஸ்தவ வாழ்வைப் பற்றியது, மற்றது போதகர் ஊழியத்தைப் பற்றியது. பாடுபடாமல் விசுவாசம் முதிராது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்ல அவர். கோட்டைச் சுவரின் தடிமனை ஒருமுறை கையால் அளந்து பாருங்கள்.

அங்கிருந்து ராஜ வீதிக்குத் திரும்பினால் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் கிரீடத்தோடு மன்னரின் முத்திரை, கீழே 1718 என்ற ஆண்டு. உள்ளே சிலுவை வடிவம், நான்கு கைகள். பலிபீடத்தின் ஒரு பக்கம் சீகன்பால்க், மறுபக்கம் அவருடைய உடன் ஊழியர் குருண்ட்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1718 அக்டோபர் 11-ல் ஆலயப் பிரதிஷ்டை, 1719 பிப்ரவரி 23-ல் சீகன்பால்க் மரணம். வயது 36. வார நாளில் கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டாம். பக்கத்தில் கேட்டால் ஆலயப் பணியாளரைக் காட்டுவார்கள்.

சீகன்பால்கின் நம்பிக்கையின் கடினமான இடம் இந்தக் கல்லறையருகேதான் மனதில் ஓடும். கிறிஸ்துவைத் தவிர இரட்சிப்பு இல்லை என்பதில் அவர் அசையவே இல்லை. அதே மனிதர் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் 1708-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பகுத்தறிவின் வெளிச்சத்தாலேயே தமிழர் ஒரே பரம்பொருளை அறிந்திருக்கிறார்கள் என்று எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் எழுதிய பெருநூலை ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற பொருளில் ஹாலே பக்தி இயக்கத்தின் தலைவர் பிராங்கேயிடமிருந்து பதில் வந்தது. நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் புகழ்வதும் திட்டுவதும் இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 1707 மே 12-ல் சீகன்பால்க், புளூட்சோ இருவரிடமும் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் அடிமைகள். அப்படித் தொடங்கிய சபையில் 18-ஆம் நூற்றாண்டிலேயே சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நிலைத்தது. மனந்திரும்புதலை அவ்வளவு வலியுறுத்திய சபை இங்கே சறுக்கியது. இதே ஊரில் 1733-ல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் போதகராகக் குருப்பட்டம் பெற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேரம் மீதமிருந்தால் சீகன்பால்க் வாழ்ந்த வீட்டில் அமைத்திருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அச்சு வேலை எப்படி நடந்தது என்று அங்கே தெளிவாகப் புரியும்.