கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் முன் கோயில் ஏட்டைப் பாருங்கள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போய், தோட்டத்தில் கல் கல்லாகப் பெயர் வாசித்துவிட்டு, தாத்தா பாட்டியைக் காணவில்லை என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். இரண்டு தலைமுறைக்கு முன் பெரும்பாலானோரை மண் கல்லறையில்தான் வைத்தார்கள். தலைமாட்டில் நட்ட மரச் சிலுவை சில மழைக்காலத்தில் இற்றுப்போகும், மேடும் தணிந்துவிடும். இடம் போதாத தோட்டம் என்றால் அதே குழியில் பிறகு இன்னொருவரை வைத்திருப்பார்கள். கல் கட்டியது வசதியுள்ள வீட்டார் மட்டுமே. ஆனால் அடக்கம் செய்த கோயிலின் ஏட்டில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். தேட வேண்டியது அந்த வரியை. இங்கே சொல்வது தமிழ்நாட்டுக் கத்தோலிக்க, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்கானது.

முதலில் இறந்த வருஷம் வேண்டும். அடக்கப் பதிவேடுகளில் பெரும்பாலும் பெயர் அகராதி கிடையாது, தேதி வரிசைதான். இரண்டு வருஷம் முன்பின்னாகவாவது சொல்லத் தெரியாவிட்டால் எந்தப் பங்குத்தந்தையும் ஏட்டை முழுக்கப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். வீட்டுப் பெரிய பைபிளின் முதல் தாள், நினைவு அட்டை, சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்த படத்தின் பின்பக்கம் என எல்லாவற்றையும் பாருங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘காலஞ்சென்ற’ என்று வந்திருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது உறுதி. பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்காதீர்கள். “காந்தி செத்ததுக்கு முந்தியா பிந்தியா? தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா?” என்று கேளுங்கள். 1948 ஜனவரியும் 1964 டிசம்பரும் அவர்கள் மனசில் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஆகவே பழைய குறிப்புகளில் மலையாள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் வரும். ஆவணி பிறந்ததும் கொல்லம் ஆண்டு மாறும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1112 கார்த்திகை கடைசி என்றால் 1936 டிசம்பர். அதே 1112 மாசி என்றால் 1937 பிப்ரவரி. எல்லாவற்றுக்கும் 825 கூட்டுகிறவர்கள் ஒரு வருஷம் தள்ளித் தேடி ஏமாறுகிறார்கள்.

அடுத்தது எந்தக் கோயில் என்பது. இன்றைக்கு ஊரில் இருக்கும் பங்கு அன்றைக்குப் பங்காகவே இருந்திருக்காது. வேறொரு ஊரின் கிளையாக இருந்திருந்தால், பழைய ஏடு அந்தத் தாய்ப் பங்கில்தான் இருக்கும். மறைமாவட்டங்களும் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன: தூத்துக்குடி 1923, கோட்டாறு 1930, பாளையங்கோட்டை 1973, சிவகங்கை 1987, திண்டுக்கல் 2003. ஆயர் இல்லத்தில் விசாரிக்கும்போது, இறந்த வருஷத்தில் அந்த ஊர் எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும். மயிலாப்பூர் மறைமாவட்டம் போர்த்துக்கீசிய ஆதரவில் இருந்த காலத்தில், தன் எல்லைக்கு வெளியே திருச்சி, மதுரைப் பக்கமும் அதற்குக் கோயில்கள் இருந்தன. அதனால் சில ஊர்களில் இரண்டு கத்தோலிக்கக் கோயில்கள், இரண்டு ஏடுகள். ஒன்றில் இல்லை என்றதும் விட்டுவிடாதீர்கள்.

சி.எஸ்.ஐ. உருவானதே 1947 செப்டம்பர் 27-இல்தான். அதற்கு முந்தைய மரணம் என்றால், திருநெல்வேலிப் பகுதியில் அந்த ஊர் எஸ்.பி.ஜி. சபையா, சி.எம்.எஸ். சபையா (இரண்டும் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள்) என்று தெரிய வேண்டும். நாசரேத், முதலூர், இடையன்குடி எஸ்.பி.ஜி.; மெஞ்ஞானபுரம், பண்ணைவிளை, டோனாவூர் சி.எம்.எஸ். ஏடு கிராமத்துக் கோயிலில் இருக்காது, பல ஊர்ச் சபைகள் அடங்கிய சேகரத்தின் தலைமையிடத்தில் இருக்கும். கிராமத்தில் உபதேசியார் அடக்கம் செய்துவிட்டு, குருவானவர் வரும்போது எழுதிக்கொண்ட பதிவுகளும் உண்டு. அந்த வரி தேதி வரிசைக்கு வெளியே, பத்து இருபது வரி தள்ளிக்கூடக் கிடக்கும்.

இனிப் பெயர். ஏட்டில் இருப்பது ஞானஸ்நானப் பெயர், ஊர் கூப்பிட்ட பெயர் அல்ல. கத்தோலிக்க ஏடுகள் பல இடங்களில் 1960-கள் வரை இலத்தீனில்தான் எழுதப்பட்டன. அதில் அருளப்பன் யோவான்னெஸ் ஆகியிருப்பார். இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், இன்னாசி இக்னாசியுஸ். ‘ஓபீயித்’ என்றால் இறந்தார். ‘செபுல்துஸ்’ என்றால் அடக்கப்பட்டவர்; பெண்ணானால் ‘செபுல்தா’. ‘உக்சோர்’ மனைவி, ‘விதுவா’ கைம்பெண், ‘ஃபீலியுஸ்’ மகன். பாட்டியின் வரியில் அவர் பெயரைவிடக் கணவர் பெயர் தெளிவாக இருக்கும், ஆகவே உக்சோர், விதுவா இரண்டுக்கும் பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். இந்த ஐந்தாறு சொல் தெரிந்தால் போதும், ஒரு பக்கத்தை இரண்டு நிமிஷத்தில் கடந்துவிடலாம்.

கோயிலுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துப் போன் செய்து, வார நாளில் போங்கள். ஞாயிறு காலையிலும் தவக்காலத்திலும் கிறிஸ்துமஸ் நெருக்கத்திலும் யாருக்கும் ஏடு எடுக்க நேரம் இருக்காது. கடிதத்தில் வீட்டுப் பெயர், ஞானஸ்நானப் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், தெரு, உத்தேச வருஷம் எல்லாம் இருக்கட்டும். சான்றிதழ் வாங்கினாலும், அனுமதி கேட்டு மூலப் பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிரதி எழுதுகிறவர் ஓரத்துக் குறிப்பை விட்டுவிடுவார். காலரா, வேறு தோட்டத்தில் அடக்கம் போன்றவை இருப்பது அந்த ஓரத்தில்தான்.

அரசு இறப்புப் பதிவை நம்பித் தொடங்குகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் இருக்கும், புதைத்த இடம் இருக்காது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி யாரும் பதிவைத் தேடச் சொல்லிச் சான்று பெறலாம்; ஆனால் இறப்புக் காரணத்தை அதில் காட்ட மாட்டார்கள். 1980 வரை கிராமங்களில் இதை எழுதியவர் கிராம முன்சீப். பழைய ஏடுகளுக்குத் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் கேளுங்கள். சரியான தேதியை அறிய இது நல்ல கருவி, அதோடு சரி. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் மதராஸ் திருச்சபைப் பதிவுகளுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். அதில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்கள்தான்.

வரி கிடைக்கவே இல்லை என்றால், நடந்தது என்ன என்று வீட்டில் மெதுவாகக் கேளுங்கள். 1917 கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தக் காலத்தில் அப்படி இறந்தவரையும் ஞானஸ்நானம் பெறாத குழந்தையையும் மந்திரித்த மண்ணுக்கு வெளியே வைத்தார்கள், ஏட்டிலும் எழுதாமல் விட்டார்கள். சாதியும் குறுக்கே வரும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதி பிரித்து நிற்கும் சுவர் ஊரறிந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தோட்டமோ தனிப் பகுதியோ இருந்த ஊர்கள் பல. இதைக் கேட்கக் கூச்சப்பட்டால் தப்பான தோட்டத்தில் நின்றுகொண்டிருப்போம். இறந்த பின்னும் பிரித்து வைத்தது வெட்கக்கேடு. ஆனாலும் எங்கே வைத்தார்கள் என்று பேரப்பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும்.

சென்னையில் இறந்தவர்களானால் வேலை கொஞ்சம் சுலபம். கீழ்ப்பாக்கம், காசிமேடு தோட்டங்கள் மெட்ராஸ் கல்லறை வாரியத்தின் பொறுப்பில் உள்ளன. அடக்கத் தேதியோடு போய்க் கல்லறை எண்ணைக் கேளுங்கள்.

தோட்டத்தில் கல் இருந்து எழுத்து தெரியாவிட்டால், கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே தடவையில் எழுத்து போய்விடும். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு எழுத்துக் குழிக்குள் அப்பியிருக்கும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மூங்கில் குச்சி நுனியால் மெல்லச் சுரண்டுங்கள். சாயங்காலம் வெளிச்சம் தணிந்ததும் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், ஏறக்குறைய கல்லோடு ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டும் நிழல் விழுந்து எழும்பும். போன் ஃபிளாஷை அணைத்துவிட்டுப் படமெடுங்கள்.

பழைய கல்லில் ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கலாம். ௲௯௱௩௰௭ என்பது ஆயிரம், ஒன்பது நூறு, மூன்று பத்து, ஏழு, அதாவது 1937. ௧ ‘க’ போலவும் ௨ ‘உ’ போலவும் ௭ ‘எ’ போலவும் தெரிவதால் பெயரின் முதலெழுத்து என்று படித்துவிடுகிறார்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௵, ௳ இரண்டுக்கும் முன்னால் நிற்பது பெரும்பாலும் எண்தான்.

கல்லே இல்லாத இடத்தைக் கோயில்பிள்ளையோ குழி வெட்டுகிறவரோ, முன்பின் அடக்கமானவர்களின் கல்லறைகளை வைத்துக் காட்டுவார்கள். அதற்காகவே ஏட்டில் உங்கள் வரிக்கு மேலும் கீழும் ஐந்தைந்து பெயர்களை எழுதிக்கொண்டு போங்கள். அவர்களில் ஒருவருக்காவது கட்டின கல்லறை இருந்தால், எந்த வரிசை, எந்தப் பகுதி என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இடம் தெரிந்ததும் போனில் குறித்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அது சில மீட்டர் பிசகும். மூன்றடி அகலக் குழிக்கு அது அடுத்த வரிசை. அளவு நாடாவால் நடுச் சிலுவையின் பீடத்திலிருந்து ஓர் அளவு, வாசல் தூணிலிருந்து ஓர் அளவு எடுத்து, படம் வரைந்து, தேதியிட்டு, பைபிளின் அந்த முதல் தாளோடு வையுங்கள்.