பலாலி – திருச்சி: 185 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், ஒரு ஓட்டோச் சண்டை

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் தமிழ்நாட்டின் திருச்சிக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். அதே பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை விமான நிலையம் 330 கிலோமீற்றர். கொழும்பைவிடத் திருச்சி நமக்குப் பக்கம் என்பது வரைபடம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். பறந்து பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. திரும்பி வந்த சூட்டோடு எழுதுகிறேன், அதனால் கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து யாழ் நகரம் 17 கிலோமீற்றர் அளவுதான். போகும்போது எங்கள் தெரு ஓட்டோ இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொண்டுபோய் விட்டது. திரும்பி வந்து இறங்கினால், வாசலில் நின்றவர் ஐயாயிரம் கேட்கிறார். "மீற்றர் போடுங்கள் அண்ணை" என்றேன். "இந்த ஓட்டத்துக்கு மீற்றர் இல்லைத் தம்பி" என்றார். மூவாயிரத்து ஐந்நூறுக்கு இறக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. விமானத்தில் வருகிறவர்கள் எல்லோரும் கனடாக் காசோடு வருவதில்லை. தெரிந்த ஓட்டோக்காரரிடம் முன்கூட்டியே நேரம் சொல்லி வையுங்கள்.

இனிச் சந்தோஷம். ஏடிஆர் 72, காற்றாடி வைத்த சிறிய விமானம். மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் போகக்கூடியது என்பதால் இந்தத் தூரத்துக்கு அரைமணி நேரமே அதிகம். ஓடுபாதையில் ஊர்வதும், மேலேறுவதும், தரையிறங்க வரிசை பிடிப்பதும் சேர்ந்துதான் அட்டவணையில் ஒரு மணித்தியாலம் ஆகிறது. வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். பாக்கு நீரிணையின் நீலம் முடிந்து சேற்றுநிறக் கரை தெரியும்போது, இவ்வளவுதானா இடைவெளி என்று நெஞ்சு அடைத்தது. இந்த ஒரு மணி நேரத்துக்காக இரவு பஸ்ஸில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய், தூக்கம் கெட்டு, அங்கிருந்து மறுபடி வடக்கே பறந்திருக்கிறோம். தெற்கே நானூறு கிலோமீற்றர் போய் வடக்கே வருவது என்ன நியாயம்?

இது புதிய பாதையும் அல்ல. 1947 டிசம்பரில், அன்றைய இலங்கை விமான சேவையான எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. திருச்சிச் சேவை 2025 மார்ச் 30 அன்றுதான் வந்தது. ஆட்கள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது. போகக்கூடியவர்கள் போங்கள். இந்திய விசாவை இணையத்தில் எடுத்துவிடலாம்.

திருச்சியில் விமான நிலையம் புதுக்கோட்டை வீதியிலேயே இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தால் டவுன் பஸ் வரும். கட்டணம் நம் ஊர்த் தேநீர் விலைகூட இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் வாழையிலைச் சாப்பாடு. சுண்டக்காய் வத்தக்குழம்பு ஊற்றிய முதல் பிடியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தேங்காய்ப்பாலில் வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பும் நல்லெண்ணெயும் புதிது. ரசத்துக்கு மறுசோறு, மோருக்கு மறுசோறு, போதும் என்று இலையை மறைத்த பிறகும் ஒரு கரண்டி. ஓட்டோவுக்குக் கொடுத்த காசில் அங்கே எத்தனை நாள் சாப்பிட்டிருக்கலாம்!

விடுதிகள், கோயில் நேரங்கள் எல்லாம் எழுதுவதாக இருந்தேன், இடம் இல்லை. ஒன்று மட்டும்: பெட்டியின் எடையை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். திரும்பும்போது சேலைகள் சேர்ந்துவிடும், மேலதிக எடைக்குக் காசு கேட்பார்கள்.